மடைப்பள்ளி ஸம்பத்துவின் மாக்கல் மேடை

திருவள்ளூர் கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணிக்கொண்டிருந்த ஸம்பத்குமாருக்கு எதையும் சட்டென்று வாங்கத் தெரியாது. கத்தரிக்காய் வாங்கப் போனால் ஒவ்வொன்றையும் காம்பைப் பிடித்துத் தூக்கி, காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்ப்பார். உள்ளே புழு இருந்தால் பதில் சொல்லும் என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு குடை வாங்க மூன்று மழைக்காலம் எடுத்துக்கொண்டார். நாலாவது வருஷம் குடை வந்தது, அந்த வருஷம் மழைதான் வரவில்லை. கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால் பாதிப் பேர் சாப்பாட்டுக்குப் போவதாகச் சொல்லி எழுந்துவிடுவார்கள்.

தலை தூரத்திலிருந்தே தெரியும். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. ஆள் தங்கமானவர், கோபம் வராது, யாரையும் குறை சொல்ல மாட்டார். அவர் கைப் புளியோதரைக்காகத் திருப்பாச்சூர் சிவன் கோயில் பக்கத்துக்காரர்கள்கூட நடந்து வந்து பெருமாள் சேவித்துவிட்டுப் போவார்கள். பக்திக்கா, புளிக்கா என்று பெருமாள் கேட்டதில்லை. ஸம்பத்துவும் கேட்டதில்லை.

அவருடைய மனைவி கோதைநாயகிக்கு 1970ஆம் வருஷத்து மழைக்காலத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டையும் போல அவர்கள் வீட்டிலும் சமையல் தரையில்தான். மணைப்பலகை போட்டு உட்கார்ந்து, அரிவாள்மணையும் குமுட்டி அடுப்பும் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்துக்கொண்டு அவள் சமைப்பாள். உட்காருவது ஒரு பாடு, எழுந்திருப்பது ஒன்பது பாடு. "ரங்கா!" என்று ஒரு குரல் கொடுத்து, இடது கையைச் சுவரில் ஊன்றி, மெல்ல எழுவாள். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது ரங்கனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

டாக்டர் முழங்காலை மடக்கிப் பார்த்தார். "இனிமே தரையில உட்கார்ந்து சமைக்கக் கூடாது மாமி. இப்படியே போனா ரெண்டு வருஷத்துல கால் நீட்ட வராது. மேடை போட்டு நின்னுண்டு பண்ணுங்கோ" என்றார்.

ஸம்பத்துவுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே சொல்லிவிட்டார்.

"தை அமாவாசைக்குள்ள உனக்கு மேடை போட்டுடறேன் கோதை. கல் மட்டும் நல்லதாப் பார்க்கணும்."

கோதைநாயகி பயந்தது அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான். குடை வாங்கிய கதையில் அவளும் நனைந்தவள்.

"கல்சட்டி பண்ற மாக்கல்லையே போட்டுடலாமேன்னா. தேடவே வேண்டாமே" என்றாள்.

"சட்டிக்குப் போடற கல்லை யாராவது மேடைக்குப் போடுவாளா?" என்று அவர் சிரித்துக்கொண்டே நடந்தார்.

அன்றைக்குத் தொடங்கியது ஆராய்ச்சி. மஞ்சள் பையில் கல் துண்டுகளைப் போட்டுக்கொண்டு வருவார். சமையலறைச் சுவரோரமாக வரிசையாக அடுக்குவார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு புளித்தண்ணீர், ஒரு சொட்டு மோர், ஒரு சொட்டு நல்லெண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள். மூன்று நாள் கழித்துத் துடைத்துப் பார்ப்பார். கடப்பாக் கல்லில் புளி பட்ட இடம் வெளுத்துத் தேமல் மாதிரி ஆயிற்று. பளிங்கில் மஞ்சள் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. சிமெண்டு எண்ணெயைக் குடித்தது. மொசைக் துண்டின் மேல் கொதிக்கிற வெண்கலப் பானையை இறக்கி வைத்தபோது ஒரு சில்லு தெறித்து ரசத்தில் விழுந்தது. அந்த ரசத்தை யாரும் குடிக்கவில்லை, ஆனால் மொசைக் தோற்றது என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

இத்தனை ஆராய்ச்சியும் தரையில் நடந்தது. கோதைநாயகி எழுந்திருக்க வேண்டுமென்றால் முதலில் நாலு கல்லை நகர்த்த வேண்டும், பிறகு ரங்கனைக் கூப்பிட வேண்டும். தை அமாவாசை வந்தது, போயிற்று. அடுத்த தை அமாவாசையும் அப்படியே. எண்ணூர் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்த அவள் தம்பி பராசரன் வரும்போதெல்லாம் சுவரோரக் கல்வரிசையைப் பார்த்து, "அத்திம்பேர், அங்கே ஒரு பவர் ஹவுஸையே கட்டி முடிச்சுட்டா" என்பான்.

"அது கரண்டுக்குடா. இதுல சாதம்னா பண்ணணும்" என்பார் அவர்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம். வத்தக்குழம்பு சாதத்தை உருட்டிக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. எதிரே கல்சட்டி. கோதைநாயகி பிறந்தகத்திலிருந்து கொண்டு வந்தது. கன்னங்கரேலென்று, எண்ணெய்ப் பளபளப்போடு, உள்ளே குழம்பு இன்னும் லேசாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"கோதை! இதுல எத்தனை வருஷமாப் புளி கொதிக்கறது?"

"இருபத்துநாலு."

"ஒரு கறை இருக்கா பாரு! சூடு தாங்கறது, புளி தாங்கறது, எண்ணெய் பட்டா இன்னும் அழகாறது! மாக்கல்! இந்தக் கல்லைன்னா மேடைக்குப் போடணும்!"

"இதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்."

"நீ சட்டியைச் சொன்னே. நான் கல்லைச் சொல்றேன்."

கோதைநாயகி இன்னொரு கரண்டி குழம்பை அவர் இலையில் விட்டாள். கொஞ்சம் ஓங்கித்தான் விட்டாள்.

கோயில் வாசலில் கல்சட்டி விற்கிற கெங்கம்மாளிடம் போய் நின்றார். சேலம் பக்கத்திலிருந்து அவளுக்குச் சட்டி வரும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒரே பலகையாக மாக்கல் வேண்டும் என்று சொன்னபோது கெங்கம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பேசினாள்.

"இன்னா சாமி, பெருமாளுக்குப் பள்ளிக்கூடம் தொறக்கப் போறியா? இத்த நவத்தால கீறுனா கோடு உழும். புள்ளைங்க எழுதுற பலப்பம் இத்துலதான் பண்றாங்கோ."

"கீறல் விழுந்தா எண்ணெய் தடவினாப் போயிடும். நான் பார்த்துட்டேன்."

"எத்தினி நாளா பாத்த?"

"ரெண்டு வருஷமா."

"ஊட்டம்மா காலு எப்டிகீது நைனா?"

எவ்வளவு கனம் இருக்கும் என்று அவர் யோசனை கல்லுக்குள் போய்விட்டது. எப்படியோ, இரண்டு மாதத்தில் ஒரு சட்டி லோடு லாரியில் வைக்கோல் சுற்றிப் பலகை வந்து இறங்கியது. சாம்பல் நிறம், தொட்டால் வழுவழுப்பு, வெயில் நாளிலும் குளிர்ச்சி. தெருவில் எல்லாரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அலர்மேல்மங்கை நகத்தால் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு, "எழுதறதே!" என்று ஆச்சரியப்பட்டாள். ஸம்பத்து உடனே எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்து கோட்டை மறைத்தார்.

மேடை கட்ட மேஸ்திரி மோசஸ் வந்தான். காக்களூரில் இருந்தவன், கை சுத்தம், பேச்சும் சுத்தம். கும்மிடிப்பூண்டியில் ஏதோ ஆலைக்கு அஸ்திவார வேலை ஒப்புக்கொண்டிருந்தான். அங்கே போவதற்குள் கையில் மூன்றே நாள். அந்த மூன்று நாள்தான் கோதைநாயகி வீட்டுக்கு விலக்காகிக் கொல்லைப்புறத்து அறையில் உட்கார்ந்திருந்த மூன்று நாளும்.

மோசஸ் சமையலறை வாசலில் வந்து தயங்கினான். அந்தத் தெருவில் அவன் கட்டாத சுவர் இல்லை, ஆனால் எல்லாம் வெளிச்சுவர்.

"வா வா. வேலை முடிஞ்சதும் தீட்டுப் போகத் தீர்த்தம் தெளிச்சுப் புண்யாகம் பண்ணிக்கலாம்" என்றார் ஸம்பத்து. தாம் பெரிய மனசு பண்ணுவதாக அவருக்கு எண்ணம்.

மோசஸ் உள்ளே வந்து செங்கல் அடுக்கும்முன் கேட்டான். "அம்மா எம்மா ஒசரம் சாமி?"

"நல்ல உயரந்தான். என் தோளுக்கு வருவா."

"நேர்ல பாத்தா தேவல. எங்க ஊட்ல ஆரோக்கியமேரிய நிக்க வச்சி, மொழங்கைய மடக்கச் சொல்லி, அதுக்குக் கொஞ்சம் கீழ நூல் புடிச்சித்தான் மேட போட்டேன். அம்மாவ ஒரு தபா இப்டி கதவாண்ட நிக்கச் சொல்லு. நா இங்கேர்ந்தே பாத்துக்கினு போட்டுடறேன்."

"அவ இப்போ உள்ள வரப்படாது. மூணு நாள்."

மோசஸ் கரணையைச் சாந்துச் சட்டியில் வைத்தான்.

"இன்னா சாமி இது. எங்க ஆளுங்களத்தான் உள்ள உட மாட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான்.

ஸம்பத்துவுக்கு அது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் பேச்சை மாற்றியிருப்பார். "மடைப்பள்ளி மேடை மூணே கால் அடி. இருபத்தஞ்சு வருஷமா அதுல நின்னுண்டு தளிகை பண்றேன். ஒரு நாள் இடுப்பு வலிச்சது கிடையாது. அதே உயரம் போடு" என்றார்.

மோசஸ் மறுநாளும் ஒரு தடவை கேட்டான். பலகையைத் தூக்கி வைக்கும்முன் இன்னொரு தடவை கேட்டான். மூன்று தடவையும் மூணே கால் அடிதான். கல் உட்கார்ந்தது. ஸம்பத்து தம் முழங்கையை மடக்கி வைத்துப் பார்த்தார். அவருக்கென்றே செய்தாற்போல இருந்தது. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு கோதைநாயகி சமையலறை வாசலுக்கு வந்தாள். நின்றாள்.

"ஏன்னா, கொஞ்சம் உசரமா இருக்காப்பல இருக்கே?"

"வாசல்லேர்ந்து பார்த்தா அப்படித்தான் இருக்கும். கிட்ட வராதே! கல்லைப் பழக்கிண்டிருக்கேன்."

புதுக் கல்சட்டியை நேரே அடுப்பில் ஏற்றினால் விரிந்துவிடும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசி ஊறவைத்து, பிறகு தினமும் சுடச்சுட வடிகஞ்சி ஊற்றி வைத்து, பத்துப் பன்னிரண்டு நாள் பழக்கித்தான் எடுக்க வேண்டும். சட்டிக்கு உள்ள முறை. ஸம்பத்து அதை ஆறடிப் பலகைக்குச் செய்தார். சட்டியில் கஞ்சி நிற்கும், பலகையில் எப்படி நிற்கும்? களிமண்ணைக் குழைத்து ஓரமெல்லாம் வரப்புக் கட்டினார். நடவுக்குத் தயாரான வயல் மாதிரி இருந்தது சமையலறை. ஒரு வீட்டுக் கஞ்சி மூலைக்குக் காணவில்லை. தெருவில் எந்த வீட்டில் சாதம் வடித்தாலும் சொம்போடு போய் நின்றார். அந்தப் பன்னிரண்டு நாளும் தெருவில் ஒரு பசுமாட்டுக்குக் கஞ்சி கிடைக்கவில்லை.

பன்னிரண்டு நாளும் கோதைநாயகி கூடத்தில் தரையில் உட்கார்ந்து சமைத்தாள். கல் கறுத்து மினுமினுத்தது. அவள் முழங்கால் வீங்கியது. உயரத்தைப் பற்றி மறுபடி அவள் பேசவில்லை.

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச ஏற்பாடாயிற்று. பராசரன் எண்ணூரிலிருந்து வந்தான். அலர்மேல்மங்கை வந்தாள். கெங்கம்மாள்கூடக் கொல்லைவாசல் வழியாக வந்து, தான் வரவழைத்த கல்லை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸம்பத்து எலுமிச்சம்பழம், புளி, மஞ்சள், எண்ணெய் எல்லாவற்றையும் மேடைமேல் ஊற்றித் துடைத்துக் காட்டினார். கறை இல்லை. எல்லாரும் ஆகா என்றார்கள். அவர் முகம் உற்சவப் பெருமாள் மாதிரி இருந்தது.

"வா கோதை, உன் மேடை" என்றார்.

கோதைநாயகி வந்து நின்றாள். மேடை அவள் மார்பைத் தொட்டது. அதற்குமேல் குமுட்டி அடுப்பு, அதற்குமேல் பால் பாத்திரம். பாத்திரத்தின் விளிம்பு அவள் நெற்றிக்கு நேராக இருந்தது. பால் பொங்குகிறதா என்று பார்க்க அவள் நுனிக்காலில் எம்பினாள். முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

கோதைநாயகி திரும்பிப் போய், இருபத்துநாலு வருஷமாக உட்கார்ந்து சமைத்த மணைப்பலகையை எடுத்து வந்தாள். மேடைக்கு முன்னால் போட்டாள். சுவரில் கை ஊன்றி, "ரங்கா!" என்று அதன்மேல் ஏறினாள். பால் பொங்கியது. சர்க்கரை எடுக்க இறங்கினாள். "ரங்கா." திரும்ப ஏறினாள். "ரங்கா."

"அக்காவுக்குப் பதவி உயர்வு" என்றான் பராசரன். அலர்மேல்மங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கெங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "கல்லுக்குப் பன்னெண்டு நாளு கஞ்சி ஊத்துன, ஊட்டம்மாவ ஒரு தபா நிமிந்து பாக்கலியா நைனா?" என்று கேட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

எல்லாரும் போன பிறகு ஸம்பத்து சமையலறைக்குள் போனார். கோதைநாயகி மணையிலிருந்து இறங்கி நின்றிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். தோளுக்கு வருவாள் என்று மோசஸிடம் சொன்னாரே, அவள் தலை அவர் மார்பில் பூணூல் குறுக்கே போகிற இடத்தில்தான் இருந்தது. நாலரை அடிகூட இருக்காது.

இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று அவர் உண்மையிலேயே யோசித்தார். அவர் இலைமுன் உட்கார்ந்திருக்கும்போது அவள் நின்று பரிமாறுவாள், கீழிருந்து பார்க்க உயரமாகத்தான் தெரிவாள். அவர் நின்றால் அவள் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். தெருவில் நாலடி பின்னால் வருவாள். கல்யாணத்தில் மாலை மாற்றும்போதுகூட இரண்டு பேரையும் மாமன்மார் தோளில் தூக்கிக்கொண்டார்கள். இருபத்துநாலு வருஷத்தில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதே இல்லை.

சுவரில் கறுப்பாக ஒரு கைத்தடம் இருந்தது. அழுக்கு என்று நினைத்து, அடுத்த வெள்ளையடிப்பில் போய்விடும் என்று இரண்டு மூன்று தடவை அவரே அவளிடம் சொல்லியிருக்கிறார். இத்தனை ரங்கா சொல்லி அவள் ஊன்றிய இடம் அது என்று இப்போதுதான் தெரிந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. கல்லைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டவர், யாருக்காகக் கல் தேடினாரோ அவளைப் பார்க்காமலே இருந்துவிட்டார்.

"அன்னிக்கே உசரம்னு சொன்னியே. அப்புறம் ஏன் சொல்லலை?"

"உசரத்தை மாத்தறேன்னு இன்னும் ரெண்டு வருஷம் யோசிப்பேளோன்னு பயமா இருந்தது. பலகை போட்டு ஏறிக்கலாம்னு விட்டுட்டேன்."

ஸம்பத்து பூத்தொடுக்க வைத்திருந்த வாழைநாரில் ஒன்றை எடுத்தார். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"கையை மடக்கு."

கோதைநாயகி மடக்கினாள். அவர் நாரின் ஒரு நுனியை அவள் கால் கட்டைவிரலருகே தரையில் அழுத்தி, மறு நுனியை முழங்கை வரை பிடித்து, அதற்குக் கொஞ்சம் கீழே முடிச்சுப் போட்டார். மேலே நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கும்போது அவருக்கே "ரங்கா!" என்று வந்துவிட்டது. கோதைநாயகி அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தாள்.

மறுநாள் தளிகையை மடைப்பள்ளி உதவியாள் ஆதிகேசவனிடம் ஒப்படைத்துவிட்டு, தயிர்சாதப் பொட்டலத்தோடு முதல் ரயிலில் ஏறினார். பேசின் பிரிட்ஜில் இறங்கிக் கூடூர் பாசஞ்சர் பிடித்து, கும்மிடிப்பூண்டியில் செம்மண் புழுதிக்கு நடுவே குழி குழியாக விசாரித்துக்கொண்டு போனார். ஒரு பள்ளத்தில் மோசஸ் நின்றிருந்தான். மேலே வேட்டியும் திருமண்ணுமாக ஆறடி ஆள் நிற்பதைப் பார்த்ததும் சுண்ணாம்புக் கையோடு ஏறி வந்தான்.

"இன்னா சாமி, கல்லு விரிஞ்சிபோச்சா?"

"கல் நன்னாத்தான் இருக்கு." ஸம்பத்து மடியிலிருந்து வாழைநாரை எடுத்து நீட்டினார். "இதான் உயரம். நீ கேட்டது."

மோசஸ் நாரை நீட்டிப் பிடித்துப் பார்த்தான். முடிச்சைப் பார்த்தான்.

"மூணு தபா கேட்டேன் சாமி."

"கேட்டே. நான்தான் பார்க்கலை."

"எப்ப வரட்டும்? யோசிச்சி சொல்றியா?"

"ஞாயித்துக்கிழமை" என்றார் ஸம்பத்து. அவர் வாழ்க்கையில் யோசிக்காமல் சொன்ன முதல் தேதி அது.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவணுமே சாமி."

"போயிட்டு வா. நான் காத்திண்டிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வெள்ளைச் சட்டையோடு மோசஸ் வந்தான். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் பலகையைப் பெயர்த்தான். ஒரு மூலை சற்று உடைந்தது. ஸம்பத்து எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடவில்லை. இந்தத் தடவை கோதைநாயகி சமையலறைக்குள்ளேயே நின்றாள், கையை மடக்கிக்கொண்டு. ஒவ்வொரு செங்கல் வரிசை எடுத்ததும் மோசஸ், "இப்ப எப்டிமா?" என்று அவளைக் கேட்டான். அவள், "இன்னும் ஒண்ணு" என்றாள். ஸம்பத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் புண்யாகம் பண்ணலாமா என்று கோதைநாயகி கேட்டாள். ஸம்பத்து மோசஸ் முகத்தைப் பார்த்தார். "போன தடவை பண்ணினதே போதும்" என்றார். போன தடவை கஞ்சி ஊற்றுகிற மும்முரத்தில் பண்ணவே இல்லை என்பது கோதைநாயகிக்குத் தெரியும். அவள் மோசஸுக்கு அந்த மேடைமேல் வைத்தே காபி ஆற்றினாள்.

அடுத்த நாள் மத்தியானம் மடைப்பள்ளியிலிருந்து வந்த ஸம்பத்து, இலை போடும்வரை காத்திருக்காமல் சமையலறைக்குள் வந்து மேடையருகே நின்றார். கல்சட்டியில் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கோதைநாயகி கரண்டியை விட்டுக் கலக்கி, எட்டி உள்ளே பார்த்தாள். எம்ப வேண்டியிருக்கவில்லை. அவர் பெருங்காய டப்பாவை எடுக்கலாமென்று குனிந்தார். மேடை அவருக்குத் தொடைக்கு வந்தது. இடுப்பில் சுரீரென்றது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. இடிக்கறது" என்றாள் கோதைநாயகி.

அவர் தள்ளி நின்றார். இரண்டு அங்குலம்தான் தள்ளினார். அவள் இன்னொரு தடவை சொல்லவில்லை.